டேப் ஒட்டக் கற்றுக்கொண்ட கதை

எங்கள் வீட்டில் என் மாஸ்டர் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் தம்பி முந்திக்கொள்வான். "அக்கா மூணு வருசம் படிச்சு டேப் ஒட்டக் கத்துக்கிட்டா." கேட்டவர் சிரிப்பார், நானும் சிரித்துவைப்பேன். அவன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. என் ஆய்வேட்டின் நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் பிழிந்தால் கடைசியில் சொட்டுவது அதுதான்: ஒரு சின்ன அதிர்வுமானியை மோட்டாரின் மேல் எதைக்கொண்டு பிடிக்கவைத்தால் எது கேட்கும், எது கேட்காமல் போகும்.

தொடங்கும்போது தலைப்பு இரண்டு வரி நீளம். செயற்கை நுண்ணறிவின் துணையோடு தொழிற்சாலைச் சுழல் இயந்திரங்களின் பழுதுகளை முன்கூட்டியே கணித்தல். எழுதி முடித்து நானே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அதில் செயற்கை நுண்ணறிவு இருந்தது, தொழிற்சாலை இருந்தது, முன்கூட்டியே இருந்தது. மூன்று வருடத்தில் மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. என் தப்புகள் அதன் கணக்கில் ஏற வேண்டாம்.

வேலை மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில். 1972-ல் இன்டெல் வந்து இறங்கிய அதே தொழிற்பேட்டை. அம்மாவும் அங்கேதான், எண்பதுகளின் தொடக்கத்தில், லைனில் ஓப்பரேட்டர். 1985-ல் தீவுக்கு முதல் பாலம் திறக்கும்வரை அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித்தான் ஷிஃப்டுக்குப் போனார்களாம். நான் போவது இரண்டாவது பாலத்தில், பத்து காவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்குவேன். 24 கிலோமீட்டர். மோட்டாரில் போகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் காற்று. நடுப்பாலத்தில் வண்டி தானாக ஒரு சாண் இடப்பக்கம் போகும். (எங்கள் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள். "மோட்டார் பேரிங் பத்தி ஆராய்ச்சி பண்றேன் அத்தை" என்று ஒரு தீபாவளிக்குச் சொன்னேன். "எதுக்கும்மா, கடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டார்.)

தொழிற்சாலையில் என் பொறுப்பு காற்றாடிகளும் பம்புகளும். தூசி புகக்கூடாத கிளீன்ரூமுக்குக் காற்றைத் தள்ளுகிற பெரிய ஃபேன்கள், ஆசிட் வாடையை இழுத்து வெளியே விடுகிற எக்ஸ்ஹாஸ்ட்டுகள். அவை நின்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் என் போன் நிற்காமல் அடிக்கும். அதனால் எங்கள் இடத்தில் சத்தம் கேட்கிற எந்த பேரிங்குக்கும் ஒரே வைத்தியம்: மாற்று. (பேரிங் என்றால் சுழலும் தண்டைத் தாங்குவது: உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே உருளும் குண்டுகள், அவற்றை விலக்கிவைக்க ஒரு கூண்டு.) ஒரு வருடம் ஒரே ஃபேன் மோட்டாரில் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை பேரிங் மாற்றினோம். கழற்றிய இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, கூண்டைப் பிரித்து, விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு கீறல் இல்லை. புது பேரிங் போட்ட பிறகும் ஃபேன் அதே சத்தம்தான் போட்டது. பிறகு யாரோ எதையோ முறுக்கினார்கள், சத்தம் போய்விட்டது, எல்லாரும் மறந்தார்கள். எனக்குத்தான் அந்த இரண்டு பேரிங்குகளும் மேசை டிராயரில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தன. மாஸ்டர் படிக்கப் போனதற்குச் சம்பள உயர்வைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அந்த டிராயர்.

படிக்க நினைப்பவர்கள் கேட்கிற இரண்டு கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மாஸ்டர் மூன்று வகை: பாடம் படித்துத் தேர்வெழுதுவது, ஆய்வு மட்டும் செய்வது, இரண்டும் கலந்தது. பாடவழி என்றால் குறைந்தது 40 கிரெடிட். ஆய்வுவழி என்றால் ஆய்வேடும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வும்தான் எல்லாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஆய்வுவழிதான் சுலபம், வகுப்புக்கு ஓட வேண்டாம் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் வாரா வாரம் யாராவது ஒருவர் "இதை முடி" என்று சொல்வார். ஆய்வில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. இரண்டு மாதம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் வானம் இடிந்து விழாது; அதுதான் ஆபத்து. இரண்டாவது கேள்வி, மாஸ்டர் முடித்தால் பெயருக்கு முன்னால், பதிவுபெற்ற பொறியாளர் என்பதைக் காட்டும் 'இர்' போட்டுக்கொள்ளலாமா என்பது. முடியாது. அது 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் பொறியாளர் வாரியம் கொடுப்பது, அதற்கு அடிப்படை அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டமும் அனுபவமும். ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள வழிசெய்கிற, மலேசியா 2009-ல் முழு உறுப்பினரான வாஷிங்டன் ஒப்பந்தமும் இளங்கலைப் பட்டத்தைப் பற்றியதுதான். மாஸ்டர் அந்த ஏணியில் ஒரு படி இல்லை, பக்கத்தில் இன்னொரு ஏணி.

முதலில் விழுந்தது செயற்கை நுண்ணறிவு.

பேரிங் பழுதை ஆராய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கைவைக்கிற தரவு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாகக் கொடுப்பது. வேண்டுமென்றே சிறு குழி போட்ட பேரிங்குகளை மோட்டாரில் ஓடவிட்டுப் பதிவுசெய்த அதிர்வுகள். யாரும் இறக்கிக்கொள்ளலாம். நானும் இறக்கினேன். ஒவ்வொரு பதிவையும் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைக் கலக்கி, பெரும்பகுதியை நிரலுக்குக் கற்றுக்கொடுக்கவும் மீதியைச் சோதிக்கவும் வைத்தேன். மூன்றாம் வாரமே நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதுக்கு மேல் சரியாகச் சொன்னது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாஸ்டரை ஆறு மாதத்தில் முடித்த முதல் ஆள் நானாக இருப்பேனோ என்றுகூட யோசித்தேன்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். கற்றுக்கொடுத்த துண்டும் சோதித்த துண்டும் ஒரே பேரிங்கிலிருந்து வந்ததா?

ஆமாம். ஒரே பேரிங், ஒரே பதிவு, அடுத்தடுத்த விநாடிகள். என் நிரல் பழுதைக் கற்றுக்கொள்ளவில்லை, அந்த பேரிங்கின் குரலைக் கற்றுக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் கேள்வித்தாளைப் பார்த்த பிள்ளை முதல் மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்? ஒரு பேரிங்கில் கற்றுக்கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொன்றில் சோதிக்கச் சொன்னார். மார்க் எழுபதுக்குக் கீழே இறங்கியது. இந்தத் தவறைச் செய்தவள் நான் மட்டும் இல்லை, இந்தத் துறையில் இது பேர்போன பள்ளம். ஆனாலும் கழுத்தளவு விழுந்த பிறகு அது ஆறுதலாக இல்லை. சூப்பர்வைசர் திட்டவில்லை. முதலில் ஒரு பேரிங்கைக் கையில் எடுத்துப் பார், பிறகு கம்ப்யூட்டருக்கு வா என்றார்.

தொழிற்சாலை அடுத்து விழுந்தது. கம்பெனியில் அளந்த தரவை வெளியே கொண்டுபோக அனுமதி கேட்டேன். மேலே போனது, திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

எனவே ஆய்வகத்தில் ஒரு சின்ன மோட்டார், ஒரு தண்டு, ஒரு 6205 பேரிங். இந்த எண்ணைப் பார்த்தாலே கடைக்காரர்கள் அளவைச் சொல்வார்கள்: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை, 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் ஒன்பது குண்டுகள். வெளிவளையத்தில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்ட வேண்டும், அதற்கு முதலில் பேரிங்கைப் பிரிக்க வேண்டும். நைலான் கூண்டு என்பதால் நெம்பினால் கழன்று வந்துவிடும். பிறகு ஒன்பது குண்டுகளையும் விரலால் ஒரே பக்கமாக ஒதுக்கினால் உள்வளையம் எதிர்ப்பக்கமாக நகர்ந்து, குண்டுகள் கொட்டும். கொட்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கீழே தட்டு வை என்று போடவில்லை. எட்டுக் குண்டு மேசையில் நின்றது. ஒன்பதாவது தரையில் குதித்து, குதித்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. முக்கால் மணிநேரம் குப்புறப் படுத்து, மூங்கில் குச்சியின் முனையில் காந்தத்தைக் கட்டித் துழாவினேன். எட்டு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குண்டோடு இரண்டு ஸ்க்ரூ, யாருடைய காதுத் தோடோ ஒன்று, மூன்றும் வந்தன. தோட்டில் காந்தம் ஒட்டியதைப் பார்த்து அது தங்கம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்; ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் உறுதியான முடிவு அது.

காடி வெட்டிய பேரிங் ஏன் சத்தம் போடுகிறது என்பதை இப்போது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டேப் விஷயம் புரியாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. நாலு துருவ மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 24. தண்டு ஒருமுறை சுற்றும்போது 6205-ன் வெளிவளையத்தில் ஓர் இடத்தைச் சராசரியாக 3.585 குண்டுகள் கடக்கும். உள்வளையத்தில் 5.415. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், ஒன்பது, குண்டின் எண்ணிக்கை. எந்த பேரிங்குக்கும் இந்தக் கூட்டல் பிசகாது. முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ஆக, வெளிவளையத்தில் காடி இருந்தால், அதைக் கடக்கிற ஒவ்வொரு குண்டும் ஒரு தட்டு தட்டும்: விநாடிக்கு 24 பெருக்கல் 3.585, எண்பத்தாறு தட்டு.

அப்படியானால் அதிர்வில் 86 ஹெர்ட்ஸைத் தேடினால் போதுமே? போதாது. தட்டு ஒவ்வொன்றும் மிகச் சின்னது, மோட்டாரின் மற்ற ஆட்டங்களுக்கு நடுவே அடிமட்டத்தில் அமுங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் உலோகம் கணீரென்று ஒலிக்கிறது, சில ஆயிரம் ஹெர்ட்ஸில். எவர்சில்வர் குடத்தை யார் தட்டினாலும் குடத்தின் ஒலி ஒன்றுதான். விநாடிக்கு எத்தனை தடவை தட்டுகிறார்கள் என்பதில்தான் தட்டுகிற ஆள் யார் என்று தெரியும். எனவே உயர்ந்த ஒலியை மட்டும் வடிகட்டி எடுத்து, அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். 1970-களில் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்காக வளர்த்த முறை இது. என்வெலப் முறை என்பார்கள். இன்றைக்கும் இதற்கு மேல் எளிமையான ஒன்று வரவில்லை என்பது என் கட்சி.

நான் அளந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமையாக, மூன்று மாதம். விநாடிக்கு 25,600 தடவை பதிவு. சுமையை மாற்றி, வேகத்தை மாற்றி, நல்ல பேரிங், காடி பேரிங், மறுபடி நல்ல பேரிங். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிவிட்டு வந்த வாரம்கூட, காலெல்லாம் கொப்புளத்தோடு, போய் அளந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், நல்ல பேரிங்குக்கும் காடி பேரிங்குக்கும் வித்தியாசமே இல்லை. 86 இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. வரைபடத்தில் நூறு ஹெர்ட்ஸில் மட்டும் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது, எல்லாப் பதிவிலும், நல்லதிலும் கெட்டதிலும்.

நிரலில் பிழை தேடினேன். வடிகட்டியை மாற்றினேன். அதிர்வை ஹெர்ட்ஸ் ஹெர்ட்ஸாகப் பிரித்துக் காட்டுகிற ஃபூரியே உருமாற்றத்தைக் கையால் எழுதிப் பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது. பேரிங்கைத் திரும்பக் கழற்றினேன். காடி இருந்தது, நகத்தில் தட்டுப்பட்டது. விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டதும் அந்த வாரம்தான். அம்மா, "ஃபீஸ் கட்டியாச்சுல்ல?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் உண்டு, மலாய்க்காரர், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. எல்லாரும் பாங், அதாவது அண்ணன், என்போம். அவர் லேத் பக்கமாகப் போகிறவர் நின்று என் மோட்டாரைப் பார்த்தார். அதிர்வுமானியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டினார். அது ஆடியது. மயிரிழைதான், ஆனால் ஆடியது. பஞ்சு வைத்த இரட்டைப்பக்க டேப், சுவரில் படம் மாட்டுகிற வகை, மேசையில் கிடந்தது என்று எடுத்து ஒட்டியிருந்தேன். அதுவும் மோட்டார் உடம்பில் இருந்த பச்சைப் பெயின்டின் மேலே.

"சாட் து கிகிஸ் டுலு லா, டிக்" என்றார். முதலில் அந்தப் பெயின்டைச் சுரண்டு.

சாண்ட்பேப்பர் எடுத்து ஐந்து வெள்ளிக் காசு அகலத்துக்கு... ஐந்து வெள்ளிக்குக் காசு கிடையாது, ஐம்பது காசு அகலத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். அவர் சூப்பர் க்ளூவில் ஒரு துளி விட்டு அதிர்வுமானியை அழுத்தி, மனசுக்குள் எண்ணினார் போல, உதடு அசைந்தது. விட்டார். மோட்டாரைப் போட்டோம். திரையில் 86-க்குக் கொஞ்சம் கீழே, வேலிக்கம்பு மாதிரி ஒன்று எழுந்து நின்றது. அதற்கப்புறம் அதன் இரட்டிப்பில் ஒன்று, மும்மடங்கில் ஒன்று.

எண்பத்தாறுக்குக் கொஞ்சம் கீழே என்றேன். சூத்திரம் குண்டு வழுக்காமல் உருளும் என்று நம்புகிறது. குண்டு கொஞ்சம் வழுக்கும். கணக்குக்கும் நிஜத்துக்கும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வித்தியாசம் வருவது சாதாரணம். முன்பாக இருந்தால் அந்த வித்தியாசத்தைப் பிழை என்று சரிசெய்யப் பார்த்திருப்பேன்.

நடந்தது இதுதான். பஞ்சு டேப் ஒரு மெத்தை. அதிர்வுமானியும் டேப்பும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்கும் எடைக்கல்லும் ஆகிவிட்டன. தாழ்ந்த அதிர்வு மேலே வந்தது, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் கணீர் ஒலி மெத்தையிலேயே செத்துவிட்டது. குடத்தைத் துணியால் சுற்றிவிட்டு ஏன் ஒலிக்கவில்லை என்று மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். திருகாணியால் இறுக்கினால் மிக உயர்ந்த ஒலிவரை கேட்கும், சூப்பர் க்ளூ அதற்கு ரொம்பப் பின்னால் இல்லை, காந்தம் அதற்குக் கீழே, கையால் பிடித்து அழுத்துகிற ஊசி எல்லாவற்றுக்கும் கீழே. இதெல்லாம் ரகசியம் இல்லை. அதிர்வுமானியை எப்படிப் பொருத்துவது என்பதற்கென்றே ஐஎஸ்ஓ தரநிலை ஒன்று இருக்கிறது, எண் 5348. நான் இறக்கி வைத்திருந்தேன். திறக்கவில்லை. நானூறு ஆய்வுக்கட்டுரை சேர்த்து வைத்திருந்தவளுக்கு அதைத் திறக்க நேரம் இல்லை.

அந்த நூறு ஹெர்ட்ஸ் ஊசி? அது பேரிங்கே இல்லை, மின்சாரம். 50 ஹெர்ட்ஸில் ஓடுகிற மோட்டாரில் காந்தவிசை ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை இழுக்கும், அதனால் நூறு. மோட்டாரின் நாலு காலில் ஒன்று தளத்தில் சரியாக உட்காராமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் உடம்பு கொஞ்சம் முறுகும், உள்ளே காற்றிடைவெளி ஒரு பக்கம் குறையும், அந்த நூறு பெரிதாகும். வீட்டுக்கு வருகிற வழியில், பாலத்தில் இல்லை, ஜாவி சிக்னலில் சிவப்புக்கு நிற்கும்போது சுரீரென்றது. கம்பெனியில் ஒரு மாதத்தில் இரண்டு பேரிங் மாற்றிய அந்த ஃபேன். "யாரோ எதையோ முறுக்கினார்கள், சத்தம் போய்விட்டது." முறுக்கியது மோட்டாரின் கால் போல்ட்டாகத்தான் இருக்க வேண்டும். நிரூபிக்க இப்போது வழி இல்லை. ஆனால் டிராயரில் கிடக்கிற இரண்டு பேரிங்குகளும் நிரபராதிகள் என்பதில் எனக்குச் சந்தேகம் ரொம்பக் குறைவு. பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத் தரவையும் அழித்துவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அழிக்காதே, அதுதான் உன் ஆய்வு என்றார். ஒரே மோட்டார், ஒரே காடி, ஒரே சுமை. டேப்பில் ஒரு தொகுதி உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே காந்தத்தில், பெயின்டின் மேல் காந்தத்தில், க்ளூவில், திருகாணியில் செய். தொழிற்சாலைகளில் ஆயிரம் ஆயிரமாக மலிவு சென்சார்களை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், எதன் மேல் ஒட்டுகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? எனக்கு அழுகை வந்தது. ஆறுதலாக இல்லை. செயற்கை நுண்ணறிவில் தொடங்கி டேப்பில் வந்து நிற்கிறோமே என்று.

'முன்கூட்டியே' என்ற சொல்லும் போனது. அது போனதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு 1947-ல் ஸ்வீடன்காரர்கள் லுண்ட்பெர்கும் பாம்கிரெனும் போட்ட வழியில்தான் இன்றைய கணக்கும் நடக்கிறது. பட்டியலில் இருக்கிற தாங்குசக்தியைச் சுமையால் வகுத்து மும்மடியாக்கினால் வருவது, மில்லியன் சுற்றுகளில். சுமையை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் எட்டில் ஒன்று. ஆனால் அந்த எண் ஒரு பேரிங்கின் ஆயுள் இல்லை. நூறு பேரிங் ஓடவிட்டால் தொண்ணூறு தாண்டுகிற வயது அது. பாதி பேரிங்குகள் அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஓடும். ஒரே பெட்டியில் வந்த, ஒரே இயந்திரத்தில் செய்த இரண்டு பேரிங்குகளில் ஒன்று சீக்கிரம் போகும், இன்னொன்று போகவே மாட்டேன் என்று நிற்கும். இதை வைத்துக்கொண்டு என்னிடம் இருந்த மூன்று பேரிங்கில் முன்கூட்டிச் சொல்கிறேன் என்று எழுதினால் அது ஜோசியம்.

அப்பா செம்பனை ஆலையில் பிட்டராக இருந்தவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் உட்கார்ந்திருக்கிற உறையின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவர் காலத்து எல்லா பிட்டர்களும் செய்ததுதான், இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை. நான் என் வரைபடங்களைக் காட்டினால் ஐந்து நிமிடம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார். ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் நின்றார். கர்ட்டோசிஸ் என்று ஒரு அளவு உண்டு, அதிர்வில் திடீர் குத்துகள் எவ்வளவு என்பதைக் காட்டும். நல்ல பேரிங்கில் மூன்றை ஒட்டி இருக்கும். பழுது தொடங்கினால் ஏறும். வேடிக்கை என்னவென்றால் பழுது முற்றிப் பரவியதும் மறுபடி மூன்றை நோக்கி இறங்கிவிடும், குத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாகிவிடுவதால். அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவன் பேரிங் குணமாகிவிட்டது என்பான்.

"கத்துற பேரிங்குக்குப் பயப்பட மாட்டோம்மா" என்றார் அப்பா. "கத்திட்டு இருந்தது ஒரு நாள் காலையில சும்மா இருந்தா, அன்னைக்கு மிஷினை நிறுத்திருவோம்."

இதை எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தாய் என்று வைவாவில் கேட்பார்களே என்பதால் ஆய்வேட்டில் போடவில்லை. 1970-களின் கட்டுரை ஒன்றைப் போட்டேன்.

வைவா இரண்டு மணிநேரம் நடந்தது. பாதி நேரம் டேப்பைப் பற்றி. வெளித்தேர்வாளர், அளவு எவ்வளவு முன்பின் போகலாம் என்று வரைபடத்தில் காட்டுகிற என் பிழைக்கோடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்: க்ளூவை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால் இதே எண் வருமா? எத்தனை தடவை ஒட்டிப் பார்த்தாய்? பத்து. ஏன் பத்து? மோட்டார் உடம்பில் தேய்க்க இடம் அவ்வளவுதான் இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டார். சிறு திருத்தங்களோடு தேறினேன். தலைப்பு கடைசியில் இப்படி நின்றது: சிறு தூண்டல் மோட்டாரில் வெளிவளையப் பழுதை என்வெலப் முறையில் கண்டறிவதில் அதிர்வுமானி பொருத்தும் விதத்தின் தாக்கம். கல்யாணப் பத்திரிகை போய் மளிகைக் கடை ரசீது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதில் ஒரு சொல்லையும் என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

பட்டமளிப்பு முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, இட்லி மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது போன். நைட் ஷிஃப்ட் டெக்னீஷியன், எங்கள் தமிழ்ப் பையன்.

"அக்கா, நாலாம் நம்பர் எக்ஸ்ஹாஸ்ட் கத்துது. லைனை நிறுத்தவா, இல்ல நாளைக்கு ஷட்டவுன் வரைக்கும் தாங்குமா?"

"எப்பேலருந்து கத்துது?"

"சாயந்தரத்துலருந்துன்னு சொல்றாங்க."

"இன்னும் கத்திட்டுத்தானே இருக்கு?"

"இருக்குக்கா. போன்ல கேட்கலயா?"

கேட்டது. ஆனால் போன் மைக்கில் கேட்பது பேரிங்கா, காற்றா, பெல்ட்டா என்று யார் சொல்ல முடியும். "தாங்கும்னு நினைக்கிறேன்" என்றேன்.

"என்னக்கா, மாஸ்டர் எல்லாம் படிச்சிட்டு நினைக்கிறேன்னு சொல்றீங்க?"

மாவுக் கையைக் கழுவினேன். அந்த மோட்டாருக்கும் பெயின்ட் அடித்திருப்பார்கள், இரண்டு கோட்டாவது இருக்கும். பையில் சாண்ட்பேப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மோட்டார் சாவியை எடுத்தேன். "வர்றேன், அரை மணிநேரம் ஆகும்" என்றேன், "அதுவரைக்கும் பக்கத்துலேயே நில்லு. சத்தம் நின்னுச்சுன்னா என்னைக் கேக்காத, உடனே ஆஃப் பண்ணிரு."